வியாழக்கிழமைத் தொண்டைக்கட்டு

எங்கள் அறக்கட்டளையின் செய்திமடலில் வருடத்துக்கு ஒரு முறை ஊழியர்களைப் பற்றி நாலு வரி போடுவார்கள். "பணிக்கு வெளியே உங்கள் தனிப்பட்ட ஆர்வங்கள் என்ன?" என்று ஒரு படிவம் வரும். மற்றவர்கள் தோட்டம், வாசிப்பு, நடைப்பயிற்சி என்று சமர்த்தாக எழுதிக் கொடுத்தார்கள். நான், "டேபிள் டென்னிஸ். அங்கே யாருடைய பேச்சையும் நான் கேட்க வேண்டியதில்லை" என்று எழுதினேன். இரண்டாவது வாக்கியத்தை மேற்பார்வையாளர் அடித்துவிட்டார். நன்கொடை கொடுப்பவர்கள் படிப்பார்களாம்.

அடித்ததுதான் உண்மை. பதினோரு வருடமாகக் காதை வைத்துப் பிழைக்கிறவள் நான். எங்களுடையது தொலைபேசி ஆலோசனை மையம். வரிசையாக ஏழு சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, ஒரு ஹெட்போன், டிக் டிக் சத்தம் வராத ஒரு கடிகாரம், ஒரு டிஷ்யூ பெட்டி. போனில் அழுகிறவர் துடைத்துக்கொள்ள அவர் வீட்டில் துண்டு இருக்கும். இந்தப் பெட்டி யாருக்கு என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு விளங்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு அழைப்பு முடிந்ததும் விளங்கிவிட்டது.

அழைப்பவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கும் வேலைக்கென்று ஒரு பொய்ப் பெயர்தான். ஒருவருக்குப் பன்னிரண்டு வாரம், வாரம் ஒரு முறை, அதே கிழமை, அதே மணி, அதே ஆள், ஐம்பது நிமிடம். விதிகள் ஒரு புத்தகம் நிறைய இருக்கின்றன. முதல் இரண்டு விதிகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அறிவுரை சொல்லக் கூடாது. கேட்டதை வெளியே கொண்டு போகக் கூடாது, கட்டின கணவனிடம்கூட. இப்போது உங்களிடம் சொல்கிறேனே என்றால், அடையாளம் தெரியக்கூடியதையெல்லாம் மாற்றிவிட்டுத்தான் சொல்கிறேன். இனி வரப்போகிற டிரைவிங் வாத்தியார், டிரைவிங் வாத்தியாரே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் இதே பிழைப்புதான். "நீதான் நல்லா கேப்பியே" என்ற ஒரு வாக்கியத்தால் என்னைக் கட்டிப் போட்டு வைத்திருக்கிறார்கள். கணவர் செய்தி பார்த்துக்கொண்டே உலகத்தின் மேல் இருக்கும் கோபத்தை எல்லாம் என் தலையில் கொட்டுவார். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் போன் போட்டு மருமகளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுவாள். மாடி வீட்டுக்காரர் படிக்கட்டில் வழிமறித்துக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசுவார். பொறுக்க முடியாமல் நான் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னால் போதும், "நீயே இப்படிப் பேசலாமா, நாலு பேருக்கு ஆறுதல் சொல்றவ ஆச்சே" என்பார்கள்.

எனக்கு வாய் முளைப்பது வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு. சமூகக் கூடத்தின் பின்பக்கத்தில் நாலு மேசை, சுவரோரமாக ஒரு நீள பெஞ்சு, நாற்பது வயது தாண்டிய இருபது பேர். "கண்ணு பொடனியிலயா இருக்கு? பந்து மேசையில பட்டுச்சு!" என்று நான் போடுகிற கூச்சல் வாசலில் பேருந்துக்கு நிற்பவர்களுக்கும் கேட்கும். அங்கே என் பட்டப்பெயர் ஒலிபெருக்கி. என்னோடு ஜோடி சேர்ந்து ஆடுபவள் மருந்துக்கடை வைத்திருப்பவள். ஆறு வருடமாக நாங்கள் இரட்டையர். பேசிப் பேசியே எதிராளியைத் தோற்கடிப்பது என் வேலை, பந்தை அடிப்பது அவள் வேலை. அந்த இரண்டு மணி நேரம் இல்லாவிட்டால் மிச்ச நூற்றி அறுபத்தாறு மணி நேரத்தை என்னால் தாங்க முடியாது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

இனி, நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு என்னிடம் பேசியவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். வயது ஐம்பத்தைந்து. மனைவி இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கரகரத்த குரல். எதையாவது சொல்லத் தொடங்குமுன் இரண்டு தடவை செருமிக்கொண்டு, "அது ஒண்ணுமில்ல மேடம்" என்பார். அந்த ஒன்றுமில்லைக்குப் பின்னால்தான் எல்லாமே வரும். நான் அவருக்கு மூன்றாவது ஆள். முதல் ஆலோசகர் வேலையை விட்டுவிட்டார், இரண்டாமவர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். "இன்னொரு தடவை முதல்லேருந்து சொல்ல என்னால ஆகாது மேடம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இருக்கவே வேண்டாம் என்று தோன்றிய ஒரு நாளைப் பற்றி இரண்டாவது வாரத்தில் சொன்னார். அந்த நாள் தாண்டிவிட்டது, ஆனால் தூரம் போகாமல் வாசலிலேயே நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது. மனைவியின் கடைசி நாளைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. அதைச் சுற்றிச் சுற்றி வருவார், பக்கத்தில் வந்ததும் பிரேக் போட்டுவிடுவார்.

ஐந்தாவது வாரம், நாற்பத்தெட்டாவது நிமிடம். "செவ்வாய்க்கிழமை பதினொண்ணு மணி தவிர எனக்கு வாரத்துல வேற எதுவுமே இல்ல மேடம்" என்றார். பிறகு அமைதி. அந்த அமைதியை நிரப்பக் கூடாது என்பதுதான் எங்கள் பயிற்சியின் முதல் பாடம். நானே புதியவர்களுக்கு அதை நடத்துகிறேன், படமெல்லாம் போட்டுக் காட்டி. அன்றைக்கு என்னவோ, அந்தக் கரகரப்பு நின்றதும் நானே வாயைத் திறந்துவிட்டேன்.

"டேபிள் டென்னிஸ் மாதிரி ஏதாவது ஆடிப் பாருங்களேன்" என்றேன். "நாப்பது வயசுக்கு மேல இருக்கிறவங்களுக்குன்னே சமூகக் கூடத்துல எல்லாம் நடத்துறாங்க. ஒரு பந்து, எதிர்ல ஒரு ஆள், அவ்வளவுதான். வியாழக்கிழமை மாதிரி நாள்ல போயிட்டு வரலாம்."

வியாழக்கிழமை என்று வேறு சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் நாற்பத்தெட்டு நிமிடம் அடக்கமாக இருந்துவிட்டுக் கடைசி இரண்டு நிமிடத்தில் கத்தியது. அழைப்புகள் எங்கெங்கிருந்தோ வரும், மனிதர் எந்த மூலையில் இருக்கிறாரோ என்ற தைரியம்தான்.

செவ்வாய் சொன்னேன். வியாழன் வந்து நின்றார்.

ஒன்பதுக்கு ஒன்பது. "நெட்டுல பட்டுச்சு! நெட்டு! சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லு!" என்று எதிராளியைப் பார்த்து நான் கத்திக்கொண்டிருந்தபோது வாசல் பக்கம் பெயர் பதிகிற மேசையருகே யாரோ இரண்டு தடவை செருமினார்கள். "அது ஒண்ணுமில்லைங்க… புதுசா சேரணும்னு…"

எனக்கு நாக்கு அப்படியே நின்றுவிட்டது. ஐந்து வாரம் என் காதுக்குள் இருந்த மனிதருக்குக் கை, கால், முன் வழுக்கை, இஸ்திரி போட்ட சட்டை எல்லாம் இருந்தன. நான் கத்தியது அவருக்குக் கேட்டிருக்கும். கத்துகிற குரல் வேறு, வேலைக் குரல் வேறு, சரி. ஆனால் ஒரு வார்த்தை சாதாரணமாகப் பேசினேனோ, தீர்ந்தது. ஐந்து வாரம் இருட்டில் என் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தவர். மறந்தும் மாற்றிக் கேட்கமாட்டார்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? சர்வீஸ் போடு" என்றாள் மருந்துக்கடைக்காரி.

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அனுபவித்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தார். பந்து வேகமாக வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. கற்றுக்கொள்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து இருபது வருடம் பிரேக்கை மிதித்த கால்.

அடுத்த செவ்வாய், பதினொரு மணிக்கு ஹெட்போனைப் போட்டேன்.

"நீங்க சொன்னதைச் செஞ்சேன் மேடம். போயிட்டு வந்தேன்."

"எப்படி இருந்தது?"

"பந்து நேரா வந்து என் மூக்குல பட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் மேடம். சிரிச்சு எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா?"

எனக்கும் பார்த்த ஞாபகம். அன்றைக்குச் சிரிக்காத ஒரே ஆள் நான்தான். "அங்க இருக்கிறவங்க எல்லாம் எப்படி?" என்று கேட்டேன். ஆலோசகர் கேட்கிற கேள்விதான், ஆனால் கேட்டது ஆலோசகர் இல்லை.

"நல்ல மாதிரிதான். மருந்துக்கடை வெச்சிருக்கிற அம்மா ஒருத்தங்க பிரமாதமா ஆடுறாங்க. அவங்க ஜோடிக்குத்தான் பாவம், தொண்டை கட்டிப் பேச்சே வரல."

நான்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு உயிர் வந்தது.

அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் விதி இருக்கிறது. சொன்னால் என்ன நடக்கும் என்பதும் எனக்கு மனப்பாடம். அவரை நாலாவது ஆளிடம் மாற்றுவார்கள், அவர் போனையே வைத்துவிடுவார். பிறகு ஐந்தாவது வாரப் பதிவைப் போட்டு, நாற்பத்தெட்டாவது நிமிடத்தில் நான் என்ன சொன்னேன் என்று மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்கள். அவருக்காகத்தான் மறைத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பாதி அவருக்காக, பாதி என் தோலைக் காப்பாற்றிக்கொள்ள.

மேற்பார்வையாளர் நடைவழியில் எதிர்ப்பட்டு, "உங்க செவ்வாய் பதினொண்ணு எப்படிப் போகுது?" என்றார்.

"நல்ல முன்னேற்றம்."

"என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. கேட்டேன், அவ்வளவுதான்."

"அதுதான் வேணும்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வேறு இடம் பார்த்துப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு பேருந்து மாறிப் போனால் இன்னொரு கூடம் உண்டு. ஆனால் அடுத்த மாதம் இரட்டையர் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தோம். அதைவிட, எனக்கு வீம்பு. இருக்கிற ஒரே இடத்தையும் நானே விட்டுக்கொடுப்பதா? தொண்டைக்கட்டு சரியாவதற்குள் மனிதர் அலுத்துப்போய் நின்றுவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

அவர் நிற்கவில்லை. ஒரு வியாழன்கூடத் தவறவில்லை. எனக்குத் தொண்டையும் சரியாகவில்லை.

உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் பொய் வியாதி சொல்லலாம், மருந்துக்கடைக்காரியிடம் சொல்லக் கூடாது. முதல் வாரம் சப்புகிற மாத்திரை கொண்டுவந்தாள். இரண்டாவது வாரம் ஒரு கஷாய பாட்டில். மூன்றாவது வாரம், "எந்த டாக்டர்? சீட்டைக் காட்டு" என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். நான் சின்ன நோட்டுப் புத்தகத்தில், "குரல் நாணில் கோளாறு. ரெண்டு மாசம் பேசக் கூடாது" என்று எழுதிக் காட்டினேன்.

"ரகசியம் பேசுற மாதிரி மெதுவாகூடவா பேசக் கூடாது?"

"கூடாது" என்று எழுதிக் கீழே கோடு போட்டேன்.

எட்டுக்கு எட்டு என்பதை ஒன்பதுக்கு ஏழு என்று எதிராளி கூசாமல் சொல்வார். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அடைத்த குழாய் மாதிரி நின்றுகொண்டிருப்பேன். வாயில்லாமல் என் ஆட்டம் பாதிகூட இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. வரிசையாகத் தோற்றோம். வீட்டுக்கு வந்ததும் தொண்டையில் நின்றதெல்லாம் கணவர் மேல் இறங்கியது. "வியாழக்கிழமை வந்தா உனக்கு யாரோ சாவி குடுக்கிறாங்க" என்றார் அவர், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே.

நாலாவது வியாழன். மருந்துக்கடைக்காரி கடையை மூடிவிட்டு வரத் தாமதம். நான் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். இரண்டு தடவை செருமினார். எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது, பதினோரு வருடப் பழக்கம்.

"அது ஒண்ணுமில்லைங்க" என்றார். "இன்னிக்கு என் சம்சாரத்தோட பொறந்த நாள்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"அவ போன அன்னிக்கு நான் கிளாஸ் எடுத்துட்டிருந்தேன். ஒரு பொண்ணு, முதல் தடவையா மெயின் ரோட்டுல ஓட்டுது. காலையில வீட்டுல சண்டை. ஒண்ணுமில்லாத விஷயம், கதவைப் பூட்டினியா பூட்டலையான்னு. அந்தக் கோவம் எனக்கு. போன் அடிச்சுது. பாத்தேன், அவதான். கட் பண்ணேன். மறுபடியும் அடிச்சா. கட் பண்ணேன். மூணாவது தடவையும் கட் பண்ணேங்க. நாலாவது தடவை அடிக்கல."

அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

எட்டு வாரமாக அவர் சுற்றிச் சுற்றி வந்த இடம் இதுதான். நான் சொல்ல வேண்டிய வாக்கியம் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த வாக்கியத்தைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். சொல்ல முடியவில்லை. என் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் எடுத்துக் குடித்தார்.

"நீங்க பதில் சொல்லமாட்டீங்கன்னுதான் சொன்னேன். தப்பா நினைக்காதீங்க" என்றார். "யாராவது 'உங்க மேல தப்பில்ல'ன்னு சொல்லிட்டா அதோட வாயை மூடிக்கணும். செவ்வாய்க்கிழமை போன்ல ஒரு மேடம் பேசுவாங்க. ரொம்ப நல்லவங்க. ஆனா இதைப் போயி போன்ல எப்படிங்க சொல்றது? போன்லயா?"

எட்டு வாரம், பாடத்தில் படித்த உத்தியெல்லாம் போட்டுப் பார்த்தேன், அவரைக் குத்துவதே அந்தப் போன்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது அழுகை வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், இரக்கத்தில் மட்டும் வந்த அழுகை இல்லை. கோபமும்தான். ஏன்யா, செவ்வாய்க்கிழமை முழுக்க உனக்குக் கொடுத்தேனே, என் வியாழக்கிழமையிலும் வந்து உட்கார வேண்டுமா? இப்படி நினைத்ததற்கு உடனே வெட்கமும் வந்தது. வெட்கப்பட்ட பிறகும் கோபம் போகவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வியாழனும் ஏழரை மணிக்குப் பெஞ்சில் எனக்கு இடம் பிடித்து வைத்தார். அரை மணி நேரம் பேசுவார். சண்டை போட்ட கதை, அவள் செருப்பை இன்னும் வாசலில் விட்டிருக்கும் கதை, ஒரு தடவை காரை அவளுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்துப் பாதியில் இருவரும் பேசாமல் வந்த கதை. நடுவில் சிரிப்பார். நான் தலையாட்டுவேன். அலுவலகத்தில் ஏழு அறை, இது எட்டாவது. இங்கே கடிகாரமும் இல்லை, கதவும் இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் போனில் அவர் நன்றாகத் தூங்குகிறார், சமைத்துச் சாப்பிடுகிறார், மறுபடி வகுப்புக்குப் போகிறார். எல்லாவற்றையும் படிவத்தில் குறித்தேன். பெஞ்சைப் பற்றி அவர் என்னிடம் சொல்லவில்லை, நானும் எதையும் கேட்கவில்லை.

ஒன்பதாவது வாரச் சனிக்கிழமை காலை. கணவர் ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டிருந்தார். முப்பது வருடமாகப் போடுகிறார், முப்பது வருடமாக நானும் சொல்கிறேன். அன்றைக்கு மொத்தமாகச் சேர்த்துச் சொன்னேன். "இது கட்டிலா கொடிக்கயிறா? நான் என்ன மனுஷியா, இல்ல இந்த வீட்டுச் சுவரா?" என்று குரல் உச்சியில் இருந்தபோது வாசல் மணி அடித்தது. திறந்தேன். ஆவி பிடிக்கிற கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரி நின்றாள்.

"கடைக்குப் புதுசா வந்துச்சு. உனக்கு ஆகுமேன்னு எடுத்துட்டு வந்தேன்" என்றாள். மணியை அடிப்பதற்கு முன் கொஞ்ச நேரமாகவே நின்றிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"உள்ள வா" என்றேன். அவ்வளவு வாரத்துக்குப் பிறகு அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

"வீட்டுல நல்லாதான் பேசுற. அப்போ எங்ககிட்ட வந்தாதான் தொண்டை கட்டுமா?"

"இல்லடி. அது… என்னால சொல்ல முடியாது."

"டாக்டர் சொல்லக் கூடாதுன்னாரா?"

"ஒரு காரணம் இருக்கு. உன்கிட்ட சொல்லக் கூடாத காரணம். நம்புடி."

"ஆறு வருஷம்" என்றாள். "என் புருஷன் விட்டுட்டுப் போனப்போ முதல்ல உன்கிட்டதான் சொன்னேன். நீ காசு வாங்காம கேட்ட ஒரே கதை என் கதைன்னு நினைச்சிட்டிருந்தேன்." கருவியை வாசற்படியில் வைத்தாள். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா இனிமே என்கூட ஆட வேண்டாம். போட்டிக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்."

அவள் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு வாக்கியம் சொன்னால் திரும்பி வந்துவிடுவாள். அந்த ஒரு வாக்கியம் அவருடையது, என்னுடையது இல்லை. உள்ளேயிருந்து கணவர், "யாரும்மா வந்தது?" என்றார். "யாருமில்ல" என்றேன்.

அவள் சொன்னபடி வேறு ஜோடி சேர்த்துக்கொண்டாள். இரண்டு வியாழன் நான் மட்டையைத் தொடவே இல்லை. போய், பெஞ்சில் உட்கார்ந்து, அவர் பேசியதைக் கேட்டு, திரும்பி வந்தேன். போதும் என்று முடிவெடுத்தேன். கடைசிச் செவ்வாய்க்கு முந்தின நாள், "உடல்நலக் காரணத்தால் இனி வர இயலாது" என்று கிளப் செயலாளருக்கு ஒரு செய்தி எழுதினேன். பன்னிரண்டாவது அழைப்பு முடிந்ததும் அனுப்பலாம் என்று வைத்திருந்தேன். கூடம் போனால் போகட்டும், தோழி போய்விட்டாள், இனி அங்கே என்ன இருக்கிறது? குறைந்தபட்சம் வியாழக்கிழமை சும்மாவாவது இருக்கலாம்.

பன்னிரண்டாவது செவ்வாய், பதினொரு மணி.

"இன்னிக்குக் கடைசி இல்லையா மேடம்?"

"விருப்பப்பட்டா இன்னும் ஆறு வாரம் நீட்டிக்கலாம்" என்றேன். கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

"வேண்டாம் மேடம். வேற யாருக்காவது அந்த இடத்தைக் குடுங்க." செருமினார். "அது ஒண்ணுமில்ல. உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். கிளப்புல தொண்டை கட்டின அம்மா ஒருத்தங்கன்னு சொன்னேனே, அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லாததைக்கூட. கோவிச்சுக்காதீங்க."

"கோவமே இல்ல" என்றேன். என் வேலைக் குரல், எப்போதும் போல, தாழ்வாக, நிதானமாக வந்தது.

"அவங்க ஒரு வார்த்தை பேசறதில்ல. ஆனா கேக்குறாங்க மேடம். வியாழக்கிழமை அவங்க கேப்பாங்கன்னு நினைச்சே புதன்கிழமையை ஓட்டிடுறேன். வெள்ளி, சனி அந்தத் தெம்புல போயிடுது."

"கேக்க சந்தோஷமா இருக்கு."

"ஒரே ஒரு பயம்தான். அந்த மருந்துக்கடை அம்மாவுக்கும் அவங்களுக்கும் ஏதோ மனஸ்தாபம் போல. இப்ப சேர்ந்து ஆடுறதில்ல. அவங்க மட்டையே எடுக்கிறதில்ல. ஆடாதவங்க எதுக்கு மேடம் வருவாங்க? போன வாரம் கிளம்பும்போது கூடத்தையே சுத்திச் சுத்திப் பாத்தாங்க. கடைசியா பாக்குற மாதிரி."

நான் அப்படியா பார்த்தேன்? பார்த்திருப்பேன்.

"அவங்க வராம நின்னுட்டா?" என்று கேட்டேன். படிவத்தில் இருக்கும் கேள்விதான். ஆதரவு ஒன்று விலகினால் என்ன செய்வார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. இரண்டாவது வாரத்தில் அந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்லும்போதும் இப்படித்தான் மூச்சு நின்றது.

"தெரியல மேடம்" என்றார் கடைசியில்.

இன்னொரு மனிதர் சார்பாக வாக்குக் கொடுப்பது எங்கள் புத்தகத்தில் அறிவுரையைவிடப் பெரிய குற்றம். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. என் கைப்பேசி மேசை மேல் இருந்தது, எழுதி வைத்த செய்தியோடு. அனுப்பு என்ற பொத்தானைத் தொட்டால் போதும்.

"வருவாங்க" என்றேன்.

"எப்படி மேடம் சொல்றீங்க?"

"கண்டிப்பா வருவாங்க. நீங்க தைரியமா போங்க."

அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு கூச்சத்தோடு, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்: "அவங்களுக்குத் தொண்டை சரியாகி, பேச ஆரம்பிச்சுட்டாங்கன்னா?"

"பேசமாட்டாங்க" என்றேன்.

அவர் நன்றி சொன்னார். என் பொய்ப் பெயரைச் சொல்லி, நான் நல்லா இருக்க வேண்டும் என்றார். போனை வைத்தார். நான் செயலாளருக்கு எழுதி வைத்திருந்ததை அழித்தேன். வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.